வாசலில் கழற்றி வைத்த மருந்து

பக்கத்து வளவு அக்காவின் சிறுநீரகத்தில் இருந்த கல்லை ஒரு மெசினால் அடித்துத்தான் உடைத்தார்கள். உடைந்த கல் மண்ணாக வெளியே வந்ததைத் தன் கண்ணால் கண்டவர் அவர். என் கணவரின் காற்புண்ணுக்கும் அந்த வகை மெசினைத்தான் வைக்கப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் வேலியோரம் வந்து நின்று கேட்டார்.

“கல்லே பொடிப்பொடியாய்ப் போகுதெண்டால் சதை எம்மாத்திரம் பிள்ளை? வடிவாய் யோசிச்சுத்தானே செய்யிறியள்?”

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. அந்தக் கேள்வியை வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு சாப்பாடு இறங்காமல் இருந்தவள் நான். அதை இன்னொருவர் வாய்விட்டுக் கேட்டால் யாருக்குத்தான் கோபம் வராது? “யோசிக்காமல் நான் ஒண்டும் செய்யிறேல்லை அக்கா” என்று சொல்லிவிட்டுக் குசினிக்குள் போய்விட்டேன். அடுப்பில் ஒன்றும் இருக்கவில்லை. சும்மா ஒரு சட்டியை எடுத்துக் கழுவினேன்.

நாங்கள் இருப்பது புங்குடுதீவில். என் கணவர் கடைக்காரர். கடைக்காரரின் மகன், கடைக்காரரின் பேரன். இந்தத் தீவில் அப்படியான குடும்பங்கள் நிறைய இருந்தன. தெற்கே சிங்கள ஊர்களில் கடை, இங்கே பெரிய கல்வீடு, வருடத்தில் ஒரு தரம் திருவிழாவுக்கு வருவது என்று வாழ்ந்தவர்கள். இப்போது அந்த வீடுகளில் பாதி பூட்டிக் கிடக்கின்றன, ஆட்கள் கனடாவிலும் பிரான்சிலும் இருக்கிறார்கள். இவருடைய அப்பா, என் மாமா, தெற்கே வைத்திருந்த கடை கலவரத்தில் எரிந்தபின் இவர் ஊருக்கு வந்து, எங்கள் வளவின் தெருப்பக்க மூலையில் ஒரு சின்னக் கடை போட்டார். அரிசி, பருப்பு, சவுக்காரம், கொஞ்சம் மருந்துச் சரக்கு. நான் தபால் கந்தோரில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். அவர் கடையில் நான் தலையிடுவதில்லை, என் குசினியில் அவர் தலையிடுவதில்லை. எங்கள் கலியாணம் இவ்வளவு காலம் நின்றுபிடித்ததற்கு அதுதான் காரணம் என்று மகளுக்கு அடிக்கடி சொல்லியிருக்கிறேன்.

அவருக்குச் சீனி வருத்தம், நீரிழிவு, கனகாலமாக இருக்கிறது. பாதத்தில் உணர்ச்சி கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துப்போனது அவருக்கே தெரியாது. ஒருநாள் பழம் வந்த மரப்பெட்டியைக் கடைக்குள் வைத்து உடைத்திருக்கிறார். ஓர் ஆணி பெருவிரலுக்குக் கீழே ஏறிவிட்டது. அதோடு நாள் முழுக்க யாவாரம் செய்திருக்கிறார். பின்னேரம் சீனி வாங்க வந்த ஒரு பெண் நிலத்தைப் பார்த்துவிட்டு, “என்ன அண்ணை, குங்குமம் கொட்டுப்பட்டுப் போச்சோ?” என்று கேட்டிருக்கிறாள். அப்போதுதான் அவர் குனிந்து பார்த்தார். கடை முழுக்க அவருடைய காலடி சிவப்புச் சிவப்பாகக் கிடந்தது.

ஆணியை எடுத்தார்கள், ஊசி போட்டார்கள், புண் மட்டும் ஆறவில்லை. மாதக்கணக்காக மருந்து கட்டியும் அது ஒரு வாய் போலத் திறந்தபடியே கிடந்தது. பெரியாஸ்பத்திரியில் சத்திரசிகிச்சை டொக்டர் பார்த்துவிட்டு மறைக்காமல் சொன்னார். புண் சுருங்கத் தொடங்க வேண்டும். சுருங்காமல் எலும்புக்குள் கிருமி இறங்கினால், பெருவிரலோடு பாதத்தின் முன்பக்கத்தை எடுக்க வேண்டிவரும். இவர் வீட்டுக்கு வந்து கதிரையில் இருந்தபடி, “நிண்டு யாவாரம் செய்ய ஏலாட்டில் பிறகு நான் ஆர்?” என்று கேட்டார். அந்தக் காலைக் காப்பாற்றுவது என்று அன்றைக்கு முடிவெடுத்தேன்.

யாழ்ப்பாணத்தில் ஒரு சின்னக் கிளினிக்கில் அதிர்வலைச் சிகிச்சை செய்கிறார்கள் என்று விசாரித்து அறிந்து, அவரைப் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போனேன். மண்டைதீவுச் சந்தியில் மீன்பெட்டிகளோடு ஆட்கள் ஏறினால், கட்டுப்போட்ட அவர் காலுக்கு முன்னால் என் காலை நீட்டி மறித்துக்கொண்டிருப்பேன். “காலை எடுங்கோ அம்மா” என்று கேட்டவர்களுக்கு நல்ல பதில் கொடுத்திருக்கிறேன். சில வாரத்தில் அந்த பஸ்ஸில் எல்லோருக்கும் எங்களைத் தெரிந்துவிட்டது. நாங்கள் ஏறினாலே முன் ஆசனம் காலியாகிவிடும். மரியாதையா பயமா என்று நான் ஆராயவில்லை.

கிளினிக்கின் டொக்டர் ஒரு இளம்பெண், என் மகளை விடவும் வயது குறைவு. முதல் நாளே நான் பக்கத்து வளவு அக்காவின் கேள்வியை அவருக்கு முன்னால் வைத்தேன். மகளின் கேள்வியையும் சேர்த்து வைத்தேன். மகள் கனடாவில் இருந்து போனில், “அம்மா, அது உடம்பிலை இருக்கிற சின்னச் சின்னக் கலங்களை உடைக்கும். பிறகு புற்றுநோய் கிற்றுநோய் எண்டு வந்தால் என்ன செய்யிறது?” என்று கேட்டிருந்தாள்.

டொக்டர் சிரிக்கவில்லை. அதனால் அவரை எனக்குப் பிடித்தது.

“நல்ல கேள்வி அம்மா. இது கரண்ட் இல்லை. அழுத்தத்தாலை வாற ஒரு அலை, சத்தம் போறமாதிரி உடம்புக்குள்ளை போகும். கல் உடைக்கிறதுக்குக் கூடின பலம் குடுப்பினம். அந்தப் பலத்தைச் சதையிலை குடுத்தால் கலங்கள் சாகும், அது உண்மை. நாங்கள் குடுக்கிறது சரியான குறைஞ்ச பலம். கலத்தை உடைக்காது, தட்டி எழுப்பும். எழும்பின கலங்கள் புது இரத்தக் குழாய் வளர்றதுக்கு ஆள் அனுப்பும், புதுத் தோல் விளிம்பிலை இருந்து நகரத் தொடங்கும்.”

“புற்றுநோய்?”

“குறைஞ்ச பலத்திலை குடுக்கிறதாலை புற்றுநோய் வந்ததெண்டு இதுவரைக்கும் ஒருத்தரும் காட்டேல்லை. ஆனால் ஏற்கெனவே கட்டி இருக்கிற இடத்திலை நாங்கள் வைக்கிறேல்லை. எலும்பிலை கிருமி இருந்தாலும் வைக்கிறேல்லை. அதுக்குத்தான் முதல் எக்ஸ்ரே எடுக்கச் சொன்னனான். எல்லாருக்கும் இது கேக்குமெண்டும் நான் சொல்லமாட்டன். புண்ணைச் சுத்தமாய் வைக்கோணும், சீனி கட்டுக்குள்ளை இருக்கோணும், காலுக்குப் பாரம் குடுக்கக்கூடாது. அதுகளோடை சேர்த்துத்தான் இது.”

வாக்குக் கொடுக்காதவர்களை நான் நம்புவேன். தபால் கந்தோரில் ‘நாளைக்குக் கட்டாயம் வரும்’ என்று சொல்லிப் பழகாதவள் நான். என்றாலும் முழுதாக விடவில்லை.

“முதல் என்ரை கையிலை வைச்சுக் காட்டுங்கோ.”

“அம்மாவுக்கோ?”

“ஓம். என்ரை கலத்துக்கு ஒண்டும் நடக்காட்டில் அவற்றை காலிலை வைக்கலாம்.”

டொக்டர் என் முன்கையில் குளிர்ந்த ஜெல் களியைப் பூசி, மெசினின் கைப்பிடியை வைத்தார். டக், டக், டக் என்று ஒரே சீரான சத்தம். எனக்கு உடனே பழைய கந்தோர் ஞாபகம் வந்தது. கடிதத்தில் திகதி முத்திரை குத்தும்போது மேசையில் எழும்பும் அதே சத்தம், அதே இறுக்கம். தோலுக்கு உள்ளே யாரோ எனக்கு முத்திரை குத்துவது போல இருந்தது. நொந்தது என்று சொல்லமுடியாது. வீட்டுக்கு வந்து மறுநாள் காலை வெயிலில் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். இரத்தக் கண்டல் இல்லை, வீக்கம் இல்லை. மகளுக்குப் போனில் கையைக் காட்டினேன். “உங்களோடை கதைச்சு வெல்ல ஏலாது அம்மா” என்றாள். ஓம், ஏலாதுதான்.

அடுத்த முறை அவருடைய காலில் வைத்தார்கள். புண்ணுக்கு மேலே மெல்லிய சுத்தமான உறை, அதற்கு மேலே களி, அதற்கு மேலே டக், டக். அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. “தொடங்கீட்டியளோ?” என்று டொக்டரைக் கேட்டார். டொக்டரும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

அன்றைக்குத்தான் புண்பட்ட காலுக்கென்று ஒரு சப்பாத்தைத் தந்தார்கள். பார்த்தால் சிரிப்பு வரும். குதிக்காலின் கீழே மட்டும் தடித்த அடி. முன்பக்கம் நிலத்தில் படாமல் அந்தரத்தில் நிற்கும். புண் உள்ள இடத்தில் உடம்பின் பாரம் விழாமல் இருக்க அப்படிச் செய்திருக்கிறார்கள். இவர் அதைப் போட்டு நடந்து பார்த்தார், பிறகு நன்றி சொல்லிவிட்டு, வழக்கம்போல வாசலில் கழற்றி மற்றச் செருப்புகளோடு வரிசையாக வைத்துவிட்டு, காசாளரிடம் கதைக்க வெறுங்காலோடு திரும்பி உள்ளே வந்தார். டொக்டர் எழும்பி ஓடிவந்து சப்பாத்தைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தார்.

“ஐயா, இது செருப்பில்லை. இது மருந்து. வீட்டுக்குள்ளையும் போடோணும்.”

வீட்டுக்குள் பாதணி. என் வீட்டுக்குள். அறுபது வயது தாண்டி இப்படி ஒன்றைக் கேட்கவேண்டி வந்ததே என்று நினைத்தேன். ஆனால் நான் ஒன்றை ஏற்றுக்கொண்டால் அரைகுறையாக ஏற்பதில்லை. காலையில் கட்டுமாற்றி நானே அவருக்குச் சப்பாத்தைப் போட்டுவிடுவேன். குசினிக்கும் அதோடு வரலாம், சாமியறை வாசல் வரைக்கும் வரலாம் என்று சொன்னேன். கடையைக் கொஞ்ச நாள் பூட்டச் சொன்னதற்கு அவர் சம்மதிக்கவில்லை. “இருக்க ஒரு ஸ்ரூல் போடுறன், நடக்கமாட்டன்” என்றார். அவர் வாக்குத் தவறுகிற மனிதர் இல்லை.

சில வாரங்களிலேயே வித்தியாசம் தெரிந்தது. மஞ்சளாகக் கிடந்த புண்ணின் அடி சிவந்தது. விளிம்பில் இளஞ்சிவப்பாக ஒரு மெல்லிய கோடு வந்தது. டொக்டர் ஒவ்வொரு முறையும் பக்கத்தில் ஓர் அளவுகோலை வைத்துப் படம் எடுத்து, பழைய படத்தோடு ஒப்பிட்டுக் காட்டினார். நான் பக்கத்து வளவு அக்காவை வேலியடிக்குக் கூப்பிட்டு அந்தப் படங்களைக் காட்டினேன். புண்ணின் படத்தைப் பார்க்க அவருக்கு விருப்பமில்லை. நான் விடவில்லை.

பிறகு புண் சுருங்குவது நின்றுவிட்டது.

ஒரு கிழமை முழுக்க அசையவில்லை. அடுத்த கிழமை இளஞ்சிவப்புக் கோடு வெளிறி, விளிம்பு தடித்துக் காய்ப்புப் போல வந்தது. டொக்டர் அந்தக் காய்ப்பை வெட்டி எடுத்துவிட்டு என்னைப் பார்த்துக் கேட்டார்.

“சப்பாத்துப் போட்டுத்தானே நடக்கிறவர்?”

“என்னைப் பாத்து இந்தக் கேள்வி கேக்காதேங்கோ பிள்ளை. காலமை நானே போட்டுவிடுறன்.”

“இல்லை அம்மா, பாரம் விழாமல் இப்பிடிக் காய்க்காது.”

“விழேல்லை எண்டு நான் சொல்லுறன்.”

இவரும் பக்கத்தில் இருந்து, “நான் நடக்கிறதே இல்லை டொக்டர்” என்றார். டொக்டர் மெதுவாகச் சொன்னார், அடுத்த முறையும் இப்படியே இருந்தால் திரும்பச் சத்திரசிகிச்சை டொக்டரிடம் அனுப்பவேண்டி வரும் என்று. அதற்கு என்ன அர்த்தம் என்பது எங்கள் மூன்று பேருக்கும் தெரியும். அன்றைக்கு பஸ்ஸில் மீன்பெட்டிகள் ஏறியபோது காலை நீட்டி மறிக்க எனக்கு ஞாபகம் வரவில்லை. பக்கத்து ஆசனத்தில் இருந்த ஒருவர்தான் மறித்தார்.

வீட்டுக்கு வந்ததும் மகள் போன் எடுத்தாள், நடந்ததைச் சொன்னேன். “நான் அப்பவே சொன்னனான். அந்த மெசின்தான் கலங்களைச் சாக்காட்டுது. நிப்பாட்டுங்கோ அம்மா” என்று அழுதாள். மகள் அழுதால் எனக்குக் கோபம் வராது, பயம்தான் வரும். உண்மையாகவே பயந்தேன். நான் பிடிவாதமாகக் கூட்டிக்கொண்டு போன சிகிச்சை. என் கையில் வைத்துப் பார்த்தது போதுமென்று நினைத்தவள் நான். நல்ல சதை ஒன்றைத் தாங்கினால் செத்துக்கொண்டிருக்கிற சதையும் தாங்கும் என்று எனக்கு யார் சொன்னது? அன்றைக்கு முழுக்க அந்த டக், டக் சத்தம் காதுக்குள் கேட்டுக்கொண்டிருந்தது.

அடுத்தநாள் பென்சன் அலுவலாக வேலணைக்குப் போய்விட்டு மத்தியானம் பஸ்ஸில் வந்து இறங்கினேன். நான் வழக்கமாக வீட்டுப் படலைக் கதவால் உள்ளே போய்விடுவேன். கடைக்குத் தேத்தண்ணி கொடுப்பதும் வீட்டுப்பக்கமாக இருக்கிற அரைக்கதவுக்கு மேலால்தான். அங்கிருந்து பார்த்தால் அவருடைய இடுப்புக்கு மேலேதான் தெரியும். அன்றைக்கு வெயில் கடுமையாக இருந்தது, பஸ்ஸும் கடைக்கு முன்னாலேயே நின்றது, அதனால் கடைத் தாழ்வாரத்துக்குள் ஒதுங்கினேன்.

கடை வாசற்படியில் வாங்க வந்தவர்களின் செருப்புகள் கிடந்தன. அவற்றுக்குப் பக்கத்தில், நாலாக மடித்த சுத்தமான ஒரு சாக்கின் மேல், தூசி படாமல், அந்தக் கறுப்புச் சப்பாத்து வீற்றிருந்தது. தெருநாய் ஒன்று அதில் தலை வைத்துப் படுத்திருந்தது.

உள்ளே என் கணவர் வெறுங்காலோடு, கட்டுப்போட்ட பாதத்தைச் சீமெந்து நிலத்தில் நன்றாக ஊன்றிக்கொண்டு, பருப்பு நிறுத்துக்கொண்டு நின்றார். ஸ்ரூலின் மேல் வெங்காயக் கூடை இருந்தது.

நான் என்ன செய்தேன் என்பதை ஊரில் பலரும் பலவிதமாகச் சொல்வார்கள். நடந்தது இதுதான். நாயைக் கலைத்தேன். சப்பாத்தைக் கையில் எடுத்தேன். என் செருப்பைக் கழற்றாமல், அப்படியே கடைக்குள் ஏறினேன். பருப்பு வாங்க வந்த பெண் பையைத் திறந்து பிடித்தபடியே நின்றாள்.

“இதென்ன?” என்றேன்.

அவர் என் கையைப் பார்க்கவில்லை. என் காலைப் பார்த்தார்.

“கடைக்குள்ளை நான் எங்கை நடக்கிறன்? நிக்கிறன்” என்றார். “நடக்கக்கூடாதெண்டுதானே டொக்டர் சொன்னவ.”

“நிண்டால் பாரம் ஆகாயத்திலையோ விழும்?”

அவருக்கு அது உண்மையாகவே தோன்றவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. காலை தொடங்கிக் கடை பூட்டும் மட்டும் நிற்பது கடைக்காரருக்கு ஒரு வேலையாகவே தெரியாது. அவருடைய அப்பா அப்படித்தான் நின்றார், தாத்தாவும் அப்படித்தான் நின்றிருப்பார். தராசுக்கு முன்னால் இருந்துகொண்டு நிறுத்துக் கொடுத்தால் வாங்க வருகிறவரை மதிக்கவில்லை என்று அர்த்தம். வாக்குத் தவறாத மனிதர் என்று சொன்னேன் அல்லவா, அவர் கணக்கில் வாக்குத் தவறவும் இல்லை.

“சரி, நிக்கிறதெண்டால் இதைப் போட்டுக்கொண்டு நில்லுங்கோ. ஏன் வாசலிலை கழட்டினனீங்கள்?”

“காசு லாச்சிக்குப் பக்கத்திலை சாமிப்படம் இருக்கு. கடைக்குள்ளை செருப்போடை ஏறுறேல்லை.”

“நான் ஏறி நிக்கிறன். என்ன நடந்தது? லட்சுமி கோவிச்சால் என்னோடை கோவிக்கட்டும்.”

அப்போதுதான் அவர் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். குரலை உயர்த்தவில்லை.

“எங்கடை அப்பாவின்ரை கடைக்குள்ளை என்ரை காலத்திலை ஒரே ஒரு நாள்தான் ஆக்கள் சப்பாத்தோடை ஏறினவங்கள். கொளுத்த வந்தவங்கள்.”

கடை எரிந்தது எனக்குத் தெரியும். அதை அவர் ஒருநாளும் விவரித்ததில்லை, நானும் தோண்டிக் கேட்டதில்லை. இவ்வளவு காலமும் ஒரே வளவில் இருந்தும் அந்த வாசற்படி அவருக்கு என்ன என்று எனக்குத் தெரியாமல் இருந்திருக்கிறது. என் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே இறங்கினேன். சப்பாத்தையும் கொண்டு போனேன். பருப்பு வாங்க வந்த பெண் எனக்கு வழிவிட்டாள்.

பின்னேரம் முழுக்க யோசித்தேன். அவரைத் திட்டி ஒன்றும் ஆகாது. திட்டினால் எனக்கு முன்னால் போட்டுவிட்டு நான் போனபின் கழற்றுவார். கழற்றுவது அவருடைய கை அல்ல, அவருக்குள் இருக்கிற அந்த நாள். ஆனால் கால் போய்விட்டால் கடை எதற்கு, வாசற்படி எதற்கு? அவருடைய வழியிலேயே போய்த்தான் அந்தச் சப்பாத்தை உள்ளே கொண்டுபோக வேண்டும் என்று விளங்கியது.

மறுநாள் வெள்ளிக்கிழமை. வெள்ளியில் அவர் கடை திறந்ததும் சாம்பிராணி காட்டி, தராசுக்குச் சந்தனப் பொட்டு வைப்பார். நவராத்திரி கடைசி நாளில் தராசோடு சேர்த்து படிக்கல், கத்தி, அரிசி அள்ளும் சுண்டு எல்லாவற்றுக்கும் பொட்டு வைப்பார். உழைப்புக்கு உதவுகிற சாமான் எல்லாம் எங்களுக்குச் சாமிதான். நான் சப்பாத்தைச் சவுக்காரம் போட்டுத் தேய்த்துக் கழுவி, துடைத்து, விறகடுப்புக்குப் பக்கத்தில் காயவைத்திருந்தேன். காலையில் அதை ஒரு பித்தளைத் தட்டத்தில் வைத்து, பக்கத்தில் இரண்டு செவ்வரத்தம் பூவும் வைத்து, அரைக்கதவைத் திறந்து வெறுங்காலோடு கடைக்குள் போனேன்.

அவர் சந்தனக் கிண்ணத்தோடு நின்றார். தட்டத்தைப் பார்த்துவிட்டு, “இதென்ன கூத்து?” என்றார்.

“தராசுக்குப் பக்கத்திலை இதுக்கும் ஒரு பொட்டு வையுங்கோ.”

“தராசும் சப்பாத்தும் ஒண்டோ?”

“தராசு உங்கடை யாவாரத்தைத் தாங்குது. இது உங்களைத் தாங்குது. இனிமேல் இது தெருவிலை படாது, கடைச் சாமான்களோடை கடைக்குள்ளையே இருக்கும். டொக்டர் இதை மருந்தெண்டு சொன்னவ. மாமா தன்ரை கடைக்குள்ளை மருந்துச் சரக்கு வைச்சவர்தானே?”

அவர் கனநேரம் தட்டத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். பார்த்துக்கொண்டு நின்ற அந்த நேரத்திலும் புண்ணில் பாரம் விழுகிறதே என்று என் கண் அவருடைய காலிலேயே இருந்தது. வாய் திறந்தால் காரியம் கெட்டுவிடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். நான் வாயை மூடிக்கொண்டு நின்ற நேரங்கள் என் சீவியத்தில் மிகக் குறைவு.

கடைசியில் அவர் விரலால் சந்தனத்தைத் தொட்டு, சப்பாத்தின் முன்பக்கத்தில், நிலத்தில் படாத அந்த இடத்தில் ஒரு பொட்டு வைத்தார். பிறகு ஸ்ரூலின் மேல் இருந்த வெங்காயக் கூடையை இறக்கிவிட்டு அதில் இருந்து காலை நீட்டினார். நான் குனிந்து போட்டுவிட்டேன். எழும்பும்போது என் கண் கலங்கியிருந்தது. சாம்பிராணிப் புகை என்று சொன்னேன். அவர் நம்பினாரோ தெரியாது.

டொக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னோம். அவர் நெற்றியில் கை வைத்துக்கொண்டு சிரித்தார். “பிழை என்ரைதான், ஐயா. நடக்கிறதைப் பற்றித்தான் கேட்டனான். கடைக்காரரிட்டை நிக்கிறதைப் பற்றியெல்லோ கேட்டிருக்கோணும்” என்றார். சத்திரசிகிச்சை டொக்டரிடம் அனுப்புவதை இன்னும் கொஞ்சம் பொறுப்போம் என்றார். குணமாகிப்போன ஒருவர் திருப்பிக் கொடுத்த இன்னொரு சப்பாத்தைத் தெருவுக்கும் வீட்டுக்கும் என்று தந்தார். அலைச் சிகிச்சை தொடர்ந்தது. காய்ப்பு வருவது நின்றது. இளஞ்சிவப்புக் கோடு திரும்ப வந்தது, இந்த முறை நிற்காமல் நகர்ந்தது. புண் காசளவாகி, பொத்தானளவாகி, ஒருநாள் கட்டை அவிழ்த்தபோது துணியில் ஈரமே இருக்கவில்லை. மெல்லிய, பளபளப்பான, குழந்தைத் தோல் மாதிரி ஒரு தோல் அந்த இடத்தை மூடியிருந்தது.

“மெசினாலையோ சப்பாத்தாலையோ ஆறினது?” என்று டொக்டரைக் கேட்டேன்.

“எனக்குப் பிரிச்சுச் சொல்ல ஏலாது அம்மா. சப்பாத்து மட்டும் போதுமாய் இருந்திருக்கலாம். ஆனால் இவ்வளவு நாளாய் அசையாத புண், தட்டின பிறகுதான் அசைஞ்சது. அதையும் நான் கண்டனான்.”

மகளுக்கு அதை அப்படியே சொன்னேன். கலங்கள் சாகவில்லை என்பதற்கு இதைவிட வேறு சாட்சி எனக்குத் தேவையில்லை. பக்கத்து வளவு அக்கா வேலியடிக்கு வந்து, தன் முழங்கால் நோவுக்கும் அந்த மெசின் கேட்குமோ என்று விசாரித்தார். யோசிச்சுச் செய்யுங்கோ அக்கா என்றேன்.

ஆறிய கால் என்றாலும் உணர்ச்சி திரும்பவில்லை. திரும்பும் என்று யாரும் சொல்லவும் இல்லை. இப்போது முன்பக்கம் மூடிய, மெத்தையான ஒரு பாதணியைச் சீவியகாலம் முழுக்கப் போடவேண்டும். அதற்கும் வெள்ளிக்கிழமைகளில் சந்தனம் உண்டு. ஒவ்வொரு பின்னேரமும் விளக்கு வைத்தபின் அவருடைய பாதங்களை மடியில் வைத்து உள்ளங்கையால் தடவிப் பார்க்கிறேன். அவருக்குத் தெரியாததை என் கை தெரிந்துகொள்கிறது. கடைக்கு வருகிறவர்கள் வழக்கம்போலப் படியில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் ஏற வேண்டும். “முதலாளிக்கு ஒரு சட்டம், எங்களுக்கு ஒரு சட்டமோ?” என்று ஒருவர் நக்கலடித்தார். இவர் காலை நீட்டிப் பொட்டைக் காட்டினார்.

போன கிழமை தேங்காயெண்ணெய் எடுக்கக் கடைப்பக்கம் போனேன். அரைக்கதவடியில் என் செருப்பைக் கழற்றக் குனிந்தேன்.

“இஞ்சேரும்” என்று உள்ளே இருந்து கூப்பிட்டார். “உதிலை காலமை பெட்டி உடைச்சனான். ஆணி கிடந்தாலும் கிடக்கும். கழட்டாதையும். செருப்போடையே உள்ளை வாரும்.”

நான் அப்படியே நின்றேன். இந்த மனிதர் இதை யாருக்கும் சொன்னதில்லை. சொல்லக்கூடியவர் என்று நான் நினைத்ததும் இல்லை.

“எனக்குக் குத்தினால் நோகும்” என்றேன். “நொந்தால் உடனை காலைத் தூக்கிவிடுவன். நீங்கள் யோசிக்காதேங்கோ.”

செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே காலை வைத்தேன். அவர் தும்புத்தடியை எடுத்து, நான் நிற்கப் போகிற இடத்தைக் கூட்டினார்.